குறுக்கிடும் கட்டம்: தமிழ் வகுப்பில் குறுக்கெழுத்து எதைக் கற்பிக்கிறது?

கணக்கு நோட்டை எடுத்து, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம் போடுங்கள். நடுக்கட்டத்தை அடைத்துவிட்டு மற்ற எட்டையும் இப்படி நிரப்புங்கள்:

க | ட | ல்
ன | ■ | ழ
வு | ல | நி

மேல் வரிசை இடமிருந்து வலமாகக் ‘கடல்’. இடது ஓரம் மேலிருந்து கீழாகக் ‘கனவு’. அடி வரிசையை வலமிருந்து இடமாகப் படித்தால் ‘நிலவு’. வலது ஓரத்தைக் கீழிருந்து மேலாகப் படித்தால் ‘நிழல்’. எட்டே கட்டங்களில் நான்கு சொற்கள் அடங்கிவிட்டன. ஒவ்வொரு மூலையிலும் இருக்கும் எழுத்தை இரண்டு சொற்கள் பகிர்ந்துகொள்கின்றன.

வாரப் பத்திரிகைகளில் குறுக்கெழுத்து போட்டுப் பழகியவர்களுக்கு இந்த நான்கு திசைகள் புதிதல்ல. குறிப்புகள் நான்கு தலைப்புகளில் பிரிந்து கிடக்கும். ஆங்கிலக் குறுக்கெழுத்தில் இரண்டே திசைகள்தான்: இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். தமிழுக்கு மட்டும் ஏன் நான்கு தேவைப்படுகின்றன? தமிழ் எழுத்தின் இயல்புதான் காரணம். அந்த இயல்பு பிடிபட்டுவிட்டால், குறுக்கெழுத்தை வகுப்புக்குள் கொண்டுபோகும்போது அது பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்பதும் பிடிபடும். பல வகுப்புகளில் இந்த விளையாட்டு பொழுதுபோக்காகவே நின்றுவிடுவதற்கும், சில வகுப்புகளில் மட்டும் சொல் சேர்வதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மேல் வரிசையில் ‘கடல்’ என்று எழுதிவிட்டோம். அந்த மூன்று எழுத்துகளிலிருந்தும் கீழ்நோக்கி மூன்று சொற்களை இறக்கப் பாருங்கள். ‘க’வில் தொடங்கும் சொற்கள் ஏராளம். ‘ட’வில் தொடங்கும் பழந்தமிழ்ச் சொல் கிடையாது. ‘ல்’ என்ற மெய்யில் தொடங்கும் சொல் தமிழில் எந்தக் காலத்திலும் இல்லை. சொல்லுக்கு முதலில் வரக்கூடிய எழுத்துகளை நன்னூல் வரையறுத்திருக்கிறது: பன்னிரண்டு உயிர்கள், அவற்றோடு க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்ற பத்து மெய்களின் வரிசை. ஆக 22. அந்தப் பத்து வரிசைகளிலும் எல்லா எழுத்தும் முதலில் வந்துவிடாது. ‘வு’வில் தொடங்கும் சொல் இல்லை. மிச்சமிருக்கும் எட்டு மெய்களான ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எதுவும் சொல்லின் தலைவாசலில் நிற்காது. ரயில், லட்டு, டாக்டர் போன்றவை வெளியிலிருந்து வந்து சேர்ந்த பிறகே அந்த வாசல் திறந்தது. ஆனால் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் நாம் ஓயாமல் புழங்குவது இந்த எட்டைத்தான்.

மெய்யெழுத்து நிற்கும் கட்டம் எந்தச் சொல்லுக்கும் தொடக்கமாக முடியாது. உயிரெழுத்தோ நேர்மாறு. அளபெடையை விட்டுவிட்டால் அது சொல்லின் முதலில் மட்டுமே வரும். ஆகவே ‘அ’வோ ‘உ’வோ நிற்கும் கட்டத்தில் இரண்டு சொற்கள் சந்தித்தால், இரண்டுமே அங்கேதான் தொடங்க வேண்டும். கடைசி எழுத்துக்கும் வரையறை உண்டு. நன்னூல் கணக்கில் சொல்லின் ஈற்றில் நிற்கக்கூடியவை 24: பன்னிரண்டு உயிர்கள், பதினொரு மெய்கள், குற்றியலுகரம். இத்தனை வேலிகளுக்குள் ஆங்கில நாளிதழ்களில் வருவது போன்ற நெருக்கமான கட்டத்தை அமைக்க முடியாது. அதனால்தான் தமிழ்க் கட்டங்களில் கறுப்பு அதிகம். அதனால்தான் சொற்கள் வலமிருந்தும் கீழிருந்தும் ஓடுகின்றன. மேலே உள்ள வளையத்தில் எதிரெதிர் மூலைகள் இரண்டும் தொடக்கம், மற்ற இரண்டும் முடிவு. ‘வு’வும் ‘ல்’லும் எதையும் தொடங்காது என்பதால், அவற்றை முடிவாக வைத்து எதிர்த்திசையிலிருந்து சொற்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

பல திசைகளில் எழுத்தைப் படிப்பது தமிழுக்குப் பழக்கமான கலையும்கூட. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் சருப்பதோபத்திரம் என்று ஒன்று உண்டு. எட்டெழுத்து அடிகள் நான்கைக் கட்டங்களில் அடைத்தால், மேலிருந்தும் கீழிருந்தும் இடமிருந்தும் வலமிருந்தும் அதே பாட்டாகவே வரும். கடைசியிலிருந்து படித்தாலும் மாறாத மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாகக் கழிக்கக் கழிக்க வெவ்வேறு பொருள் வரும் அக்கரச்சுதகமும் இந்தக் குடும்பம்தான். ‘மூன்றெழுத்துச் சொல், முதலெழுத்து போனால் இன்னொன்று’ என்று பாட்டி போடும் விடுகதைக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை.

ஒரே ஓர் எழுத்தின் எடை

ஆங்கிலத்தில் குறுக்கே வந்த ஓர் எழுத்து 26இல் ஒன்று. தமிழில் அது 247இல் ஒன்று. புழக்கத்தில் இல்லாத எழுத்துகளைக் கழித்தாலும், ஒரு கட்டத்தில் ‘கொ’ என்று விழுந்துவிட்டால் தேட வேண்டிய பரப்பு எவ்வளவு சுருங்கிவிடுகிறது! மெய்யும் உயிரும் சேர்ந்தே கைக்குக் கிடைத்துவிடுகின்றன. எனவே தமிழில் குறுக்கிடும் கட்டங்களை அமைப்பது கடினம். ஆனால் அமைந்த ஒவ்வொன்றும் ஆங்கிலத்தைவிட வலுவான துப்பு. மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஒரு சந்திப்பு போதும்.

நடு எழுத்து ‘ர’ என்று மட்டும் தெரிந்த ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். மரம், வரம், கரம், தரம், சரம், உரம், அரம், சிரம் என்று ஓடும். அந்த ஓட்டம் நின்றதும் குரல், விரல், உரல், பரல் என்று வேறொரு பாதை திறக்கும். அப்புறம் மரபு, வரவு, இரவு. பிறகு அரண், பரண், முரண். குறிப்புக்கான விடை இவற்றில் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதைத் தேடிப் போகும் வழியில் பிள்ளை இருபது சொற்களைத் தொட்டுவிட்டு வருகிறது. அதில் இரண்டு மூன்றுக்குப் பொருள் அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். ‘பரல்னா என்ன சார்?’ என்ற கேள்வி அங்கேதான் பிறக்கும். சொல் சேர்வது இந்தத் தேடலில்தான். விடை விழுவது அதன் கடைசி நொடி மட்டுமே.

நம் முன்னோர் சொற்களை இந்த ஒழுங்கில் அடுக்கிவைத்ததும் உண்டு. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பன்னிரண்டு தொகுதிகள். அவற்றில் பதினோராவது ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வது. அது எதுகை வரிசையில் அமைந்தது. அதாவது, முதலெழுத்தை விட்டுவிட்டு இரண்டாம் எழுத்தைக் கொண்டு தேட வேண்டும். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை நான்கு பகுதிகளாகச் செய்தபோது, அதில் ஒன்று தொடை அகராதி. எதுகைக்குச் சொல் தேடுபவர்களுக்கானது. செய்யுள் எழுதுபவருக்கு இரண்டாம் எழுத்து முக்கியம் என்பதால் அந்த அடுக்கு. இன்றைய பிள்ளைக்குக் கையில் இருப்பது முதலெழுத்து அகராதி மட்டும்தான். குறுக்கெழுத்து அந்தப் பழைய கதவை மறுபடி திறந்துவிடுகிறது. நடு எழுத்தையும் கடைசி எழுத்தையும் பிடித்துக்கொண்டு சொல்லைத் தேடச் சொல்கிறது.

மெய்யெழுத்து விழுந்தால் இன்னொரு பாடம். க், ச், த், ப் ஆகிய நான்கும் தமக்குப் பின் தம் வரிசையையே ஏற்கும். ‘க்’ வந்துவிட்டதா? அடுத்த கட்டம் க, கா, கி வரிசையில் ஒன்று. ‘ட்’ என்றால் பின்னால் ட வரிசையோ, அல்லது நட்பு, காட்சி, வெட்கம் என்பதுபோல ப, ச, க வரிசைகளோ வரும். ‘ர்’, ‘ழ்’ ஒருபோதும் இரட்டிக்காது. மெய்ம்மயக்கம் என்ற பெயரில் இலக்கணப் புத்தகத்தில் பிள்ளைகளைத் தூங்கவைக்கும் பகுதி இது. கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளைக்கு அது ஒரு கருவி. பெயர் தெரியாமலே பயன்படுத்துவார்கள். பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

‘நிளல்’ என்று எழுதினால்?

மேலே போட்ட வளையத்தில் ஒரு குறை இருக்கிறது. மூலைகள் நான்கும் இரண்டு சொற்களால் காவல் காக்கப்படுகின்றன. நடுக்கட்டங்களுக்குக் காவல் இல்லை. ஒரு பிள்ளை ‘நிளல்’ என்று எழுதினாலும் கட்டம் நிரம்பிவிடும். எந்தச் சொல்லும் மறுத்துப் பேசாது.

தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்வளத்தில் பாதிப் போராட்டம் இந்த எழுத்துகளோடுதான். ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. நாம் பேசும்போது பெரும்பாலான இடங்களில் இவை கலந்துவிட்டன. காதில் வேறுபாடு விழாதபோது கையில் எப்படி வரும்? அறமும் அரமும், மனமும் மணமும், பனியும் பணியும், வலியும் வழியும் வளியும் எழுத்தில்தான் பிரிகின்றன. எழுத்துப்பிழை என்று நாம் திருத்துவது பல நேரங்களில் சொல்லையே அறியாமையாக இருக்கிறது. ‘வளி’ என்றால் காற்று என்று தெரிந்த பிள்ளை ‘வளி மண்டலம்’ என்பதை ஒருநாளும் ‘வழி மண்டலம்’ என்று எழுதாது.

இங்கே குறுக்கெழுத்து செய்யக்கூடியதை வேறெந்தப் பயிற்சியும் செய்வதில்லை. வழி எளிது. ஐயத்துக்குரிய எழுத்தை, பிள்ளைகள் நன்றாக அறிந்த ஒரு சொல் குறுக்கே வெட்டும்படி வையுங்கள். ‘மணம்’ என்ற சொல்லின் நடு எழுத்தின் வழியாக ‘உணவு’ போகட்டும். ‘அறம்’ நடுவில் ‘உறவு’ போகட்டும். ‘நிழல்’ நடுவில் ‘பழம்’ போகட்டும். ‘மனம்’ என்று எழுதிய பிள்ளை மேலிருந்து கீழாகப் பார்க்கும்போது ‘உனவு’ என்று வரும். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆயிரம் முறை பார்த்த சொல் கோணலாக நிற்பது கண்ணை உறுத்தும். சிவப்பு மை இல்லாமல், ஆசிரியர் வாய் திறக்காமல், பிள்ளை தானே அழித்துத் திருத்தும். கட்டுரை நோட்டில் பிழையான எழுத்து நாள்கணக்கில் அசையாமல் கிடக்கும். கட்டத்தில் அது பக்கத்துச் சொல்லையும் சாய்த்துவிடுகிறது.

ஆகவே வகுப்புக்கான கட்டத்தைப் பார்த்ததும் நான் முதலில் எண்ணுவது, எத்தனை சொற்கள் என்று அல்ல. எத்தனை சந்திப்புகள், அவை எந்த எழுத்துகளில் என்றுதான். கடினமான சொல்லுக்கு எளிய சொல் தோள் கொடுக்கிறதா? இரண்டு கடினச் சொற்களை ஒன்றோடொன்று மோதவிட்டால் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. பாடத்தின் சொற்பொருள் பகுதியிலிருந்து பத்துச் சொல்லை எடுத்து, ஓரிடத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் தொங்கவிட்ட கட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை குறுக்கெழுத்தே அல்ல. கோடிட்ட இடத்தை நிரப்புகதான், கட்டம் போட்ட சட்டை அணிந்திருக்கிறது.

படித்த பிறகா, படிக்கும் முன்பா?

தானே தேடி எடுத்த சொல் மனத்தில் தங்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. 1978இல் சிலமெக்கா, கிராஃப் என்ற இரண்டு உளவியலாளர்கள் காட்டியது இது: முழுச் சொல்லையும் வாசித்தவர்களைவிட, ஒரு துப்பும் முதலெழுத்தும் கொடுத்துத் தாமே சொல்லை உருவாக்கியவர்கள் அதை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். துப்பும் ஓர் எழுத்தும் — குறுக்கெழுத்தின் அமைப்பும் அதுதானே! 2006இல் ரோடிகரும் கார்பிக்கியும் மாணவர்களிடம் உரைநடைப் பத்திகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு சாரார் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களிடம்தான் அதிகம் மிஞ்சியிருந்தது.

இரண்டாவது சோதனை குறுக்கெழுத்தைப் பற்றியதல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் வகுப்புக்கு அது ஒரு காலக்கணக்கைக் கொடுக்கிறது. பாடம் நடத்திய அன்றைக்கே, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பின்பக்கச் சொற்பொருளைப் பார்த்துக் கட்டத்தை நிரப்பச் சொன்னால் அங்கே நினைவுக்கு வேலையே இல்லை. பார்த்து எழுதும் வேலை அது. ஒரு வாரம் போகட்டும். சொல் கொஞ்சம் மங்கட்டும். மங்கியதைத் தோண்டி எடுக்கும்போதுதான் அது ஊன்றும். போன வாரப் பாடத்திலிருந்து நான்கு சொற்கள், போன மாதத்திலிருந்து இரண்டு, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தவை நான்கு என்று கலந்தால் பத்துச் சொற்களில் ஒரு நல்ல கட்டம் அமையும்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. ஒருமுறைகூடக் கேள்விப்படாத சொல்லை நினைவிலிருந்து எடுக்க முடியாது. புதுச் சொல்லை அறிமுகம் செய்யும் வேலை குறுக்கெழுத்தினுடையது அல்ல. அதைக் கதையும் பாட்டும் வாசிப்பும் பேச்சும்தான் செய்ய வேண்டும். வீட்டில் பத்திரிகையும் கதைப்புத்தகமும் இல்லாத பிள்ளைக்குக் கட்டத்தை மட்டும் கொடுத்து ‘சொல்வளத்தை வளர்த்துக்கொள்’ என்பது கிணற்றில் நீர் ஊறும் முன்பே இறைக்கச் சொல்வது. அந்தப் பிள்ளை தோற்றுப்போய், தனக்குத் தமிழ் வராது என்ற முடிவுக்கும் வந்துவிடும். அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

ஈ, தா, கொடு

குறிப்பு எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ‘ஈகை’ என்ற சொல்லுக்குக் ‘கொடை’ என்று குறிப்புத் தருவது எளிது. பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. ஆனால் ஈ, தா, கொடு என்ற மூன்றும் ஒன்றல்ல என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே பிரித்துக் காட்டிவிட்டது. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும்போது ‘ஈ’. ஒத்தவனிடம் கேட்கும்போது ‘தா’. உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்கும்போது ‘கொடு’. அந்த ஏற்றத்தாழ்வு நமக்கு வேண்டாம். ஆனால் மூன்று சொற்களுக்கும் மூன்று சாயல் இருந்தது என்ற அறிவு வேண்டும். ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் என்று சமன் போட்டே பழகிய பிள்ளை, எல்லாச் சாயலையும் ஒரே நிறமாக்கிவிடும்.

அதனால் நான் குறிப்புகளைச் சொல் புழங்கும் இடத்திலிருந்து எடுக்க விரும்புவேன். ‘நிழல்’ என்பதற்கு ‘ஒளி மறைப்பதால் உண்டாவது’ என்று எழுதலாம். ‘இதன் அருமை வெயிலில் தெரியும்’ என்றும் எழுதலாம். இரண்டாவதில் பழமொழி ஒன்றும் சேர்ந்து வருகிறது. ‘கடல்’ என்பதற்கு ‘ஆழி, பரவை, முந்நீர் என்றும் சொல்வார்கள்’ என்றால், தெரிந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தெரியாத மூன்றை நெருங்கலாம். மரபுச் சொற்களுக்கு இந்தக் கட்டத்தைப் போல வாகான இடம் வேறில்லை. பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்ததும் பறந்துவிடும் சொற்கள் அவை. ‘யானை பிளிறும், மயில் என்ன செய்யும்?’, ‘துணியை நெய்வார்கள், கூடையை?’, ‘ஆட்டுக்குக் குட்டி, புலிக்கு?’ என்று கேட்டால் அகவும், முடைவார்கள், பறழ் என்ற சொற்கள் தத்தம் துணையோடு வந்து உட்காரும். வினையும் பெயரும் சோடியாகப் பதிந்தால்தான் பிள்ளை எழுதும் வாக்கியத்தில் அவை வரும்.

ஒரு குறிப்புக்கு இரண்டு விடை சரியாக இருந்தால்? இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் 1913 டிசம்பர் 21 அன்று வெளியிட்ட சாய்சதுரக் கட்டம்தான் இன்றைய குறுக்கெழுத்தின் தொடக்கம். இருபது ஆண்டுகளுக்குள் அது தமிழ்நாட்டில் பரிசுப் போட்டியாகப் பெருகிவிட்டது. எஸ். எஸ். வாசன் 1928இல் வாங்கிய ஆனந்த விகடனின் வளர்ச்சியில் குறுக்கெழுத்துப் போட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. பரிசுப் போட்டிகளில் பணம் புழங்கப் புழங்க, ஒரே குறிப்புக்கு ஒத்துவரும் இரண்டு மூன்று சொற்களில் போட்டி நடத்துபவர் எதை வைத்திருக்கிறார் என்று ஊகிப்பதே விளையாட்டாயிற்று. நாடு முழுக்க இது சூதாட்டமாக மாறிய பிறகு, 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டிகளுக்குத் தடை. 1957இல் உச்ச நீதிமன்றம் அதைப் பார்த்தபோது, அறிவையும் திறமையையும் கொண்டு வெல்லும் போட்டிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அதிர்ஷ்டத்தைச் சார்ந்தவற்றுக்கே பொருந்தும் என்று பிரித்துச் சொன்னது.

அந்தப் பிரிவினை வகுப்பறைக்கும் பொருந்தும். ‘சந்திரன்’ என்று குறிப்பு, மூன்றெழுத்து. நிலவு, திங்கள் இரண்டும் மனத்தில் வரும். திங்கள் நான்கெழுத்து என்பதால் நீங்கும். அதுவே நான்கெழுத்து என்றால் திங்கள், அம்புலி இரண்டும் பொருந்தும். அங்கே குறுக்கே ஓர் எழுத்தும் இல்லாவிட்டால், ஆசிரியர் மனத்தில் இருப்பதை ஊகித்த பிள்ளைக்கு மதிப்பெண், ஊகிக்காத பிள்ளைக்குச் சுழி. இரண்டு பேருக்கும் சொல் தெரியும் என்பதுதான் கொடுமை. சந்திப்பு எழுத்து ஒன்று இருந்தால் பிள்ளை இரண்டையும் நினைத்துப் பார்த்து, பொருந்தாததை விலக்கிவிடும். அந்த விலக்கலே ஒரு கல்வி.

விடைகளின் வடிவத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாடத்தில் ‘ஆற்றில்’ என்று படித்த பிள்ளை கட்டத்தில் ‘ஆறு’ என்று எழுத வேண்டும். ‘மரத்தை’ என்பது ‘மரம்’ ஆக வேண்டும். ‘சென்றான்’ என்பதன் வேர் ‘செல்’ என்று கண்டுபிடிக்க வேண்டும். வேற்றுமையும் காலமும் ஒட்டி ஒட்டிச் சொல் நீளும் மொழியில், ஒட்டுகளைக் கழற்றி வேரைப் பார்க்கும் இந்தப் பழக்கம் அகராதி புரட்டுவதற்கு அடிப்படை. அகராதியில் ‘சென்றான்’ இருக்காது.

தொடக்க வகுப்புகளில் இலக்கு இன்னும் சிறியது. ஓர் ஒலிக்கு ஒரு கட்டம். அவ்வளவுதான். ‘கொ’ என்பதற்குக் கொம்பு, ‘க’, கால் என்று மூன்று வடிவங்கள் எழுதினாலும் அது ஓரெழுத்து. ஒரே கட்டத்தில்தான் உட்கார வேண்டும். ‘பள்ளிக்கூடம்’ ஏழு கட்டம். இதை விரல் விட்டு எண்ணி நிரப்பும் குழந்தைக்கு உயிர்மெய் என்றால் என்னவென்று கை அறிந்துவிடும். இந்த வயதில் வலமிருந்து இடமாகவும் கீழிருந்து மேலாகவும் எழுதச் சொல்ல வேண்டாம். எழுதும் திசையே இன்னும் படியாத கை. பத்திரிகைகளில் வரும், எழுத்துகள் முன்பின்னாக மாறி நிற்கும் ‘குழம்பியிருக்கிறது’ வகை விடைகளையும் ஆறாம் வகுப்புக்குக் கீழே கொண்டுவரக் கூடாது என்பது என் கருத்து. சரியான வடிவம் பதிவதற்கு முன்பே கலைந்த வடிவம் கண்ணில் படக் கூடாது.

கணினியில் கட்டம் தயாரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் பல கருவிகள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. யூனிகோடில் ‘தமிழ்’ என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். உயிர்மெய் என்ற கருத்து தெரியாத கருவி அதை ஐந்து கட்டங்களில் பிய்த்துப் போட்டுவிடும். புள்ளி தனியாக ஒரு கட்டத்தில் நிற்பதைப் பார்த்தால் குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்? அச்சடிக்கும் முன் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். கணக்கு நோட்டும் பென்சிலும் இதைவிடக் குறைந்தவை அல்ல.

யார் கட்டம் போடுகிறார்கள்?

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘மொழியோடு விளையாடு’ என்ற பகுதி வருகிறது. குறுக்கெழுத்தும் அங்கே இடம்பெறுகிறது. நல்ல இடம். ஆனால் அச்சடித்த கட்டத்தைப் பிள்ளைகள் ஒருமுறை நிரப்பிவிட்டால் அதோடு தீர்ந்தது. அடுத்த ஆண்டு அதே புத்தகம் கைமாறும்போது விடைகளும் சேர்ந்தே கைமாறும்.

தனியாக உட்காரவைப்பதைவிட இருவராக உட்காரவைப்பது நல்லது. ஒரே கட்டம், இரண்டு தாள். ஒருவரிடம் இடமிருந்து வலம் குறிப்புகள் மட்டும், மற்றவரிடம் மேலிருந்து கீழ் குறிப்புகள் மட்டும். ஒருவர் மற்றவருக்கு வாசித்துக் காட்டித்தான் ஆக வேண்டும். ‘எனக்கு இங்கே ழ வருது, உனக்கு ஒத்துவருதா?’ என்ற பேச்சு வகுப்பெங்கும் கேட்கும். அந்தச் சத்தத்தை அடக்க வேண்டாம். முதலில் முடித்தவருக்குப் பரிசு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்ன நொடியிலிருந்து தேடல் நின்று, பக்கத்துத் தாளைப் பார்ப்பது தொடங்கிவிடும்.

அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. பிள்ளைகளே கட்டம் போட வேண்டும். ‘நிழல்’ என்ற சொல்லுக்குக் குறிப்பு எழுது என்றால், பிள்ளை அந்தச் சொல்லைச் சுற்றி நடந்து வர வேண்டியிருக்கும். அது எங்கே வருகிறது, எதோடு சேர்கிறது, எதோடு சேராது, எப்படிச் சொன்னால் வேறொரு சொல் விடையாகிவிடாது என்று யோசிக்க வேண்டியிருக்கும். சந்திப்புக்காக ‘வு’வில் முடியும் மூன்றெழுத்துச் சொல் வேண்டும் என்றால் வரவு, செலவு, உறவு, துறவு, நிலவு, களவு என்று அள்ளிக்கொண்டு வரும். ட, ல், ன இவற்றில் எதிலும் சொல் தொடங்கவில்லையே என்று அதுவாகவே முட்டி நிற்கும்போது நன்னூல் சூத்திரத்தை எடுத்துக் காட்டுங்கள். அந்த நேரத்தில் சூத்திரம் அதற்கு விடையாகக் கிடைக்கும், பாரமாக இருக்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வளையத்தை அமைக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். நிரப்புவதற்குப் பத்து நிமிடம் போதும். அந்த முக்கால் மணி நேரத்தை மனமுவந்து கொடுக்க வேண்டும் என்பதே நான் ஆசிரியர்களிடம் வேண்டுவது.

முதல் முறை என்றால் எதிரெதிர் மூலைகள் இரண்டிலும் தொடக்க எழுத்தை நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள். உயிரெழுத்தாக இருந்தால் இன்னும் வசதி; அங்கிருந்து இரண்டு சொற்களும் கிளம்பியாக வேண்டும். கரும்பலகையில் இப்படி ஒன்றை வரைந்து தொடங்கலாம்:

அ | ▢ | ▢
▢ | ■ | ▢
▢ | ▢ | உ

இடமிருந்து வலம்: குறளின் முதற்பால்.
மேலிருந்து கீழ்: இதற்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு.
வலமிருந்து இடம்: உண்டி என்றாலும் இதுதான்.
கீழிருந்து மேல்: வயலுக்கு இடுவது, நெஞ்சுக்கும் வேண்டும்.